குறுக்குக் கோடு போட்ட ஏழு

கடைத்தெருவில் அவருக்கு கிராம் என்று பெயர். தராசு ரிப்பேர் செய்கிறவர். காய்கறிக் கடை, கறிக்கடை, பார்சல் ஆபீஸ், பழைய இரும்பு வாங்குகிற குடோன் என்று எங்கே எடை போட்டாலும், அந்த எந்திரத்தின் வயிற்றை ஒரு தடவையாவது அவர் திறந்து பார்த்திருப்பார். வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு தராசிலும் தன் பெட்டியிலிருக்கும் எடைக்கற்களை வைத்து எடுத்துச் சோதித்து, 'சரி' என்று ஓர் அட்டை எழுதித் தொங்கவிடுவார். ஒரு கிராம் முன்னே பின்னே இருந்தாலும் அட்டை கிடைக்காது. "ஒரு கிராம்ல என்னய்யா குடிமுழுகிப் போகுது?" என்று ஒரு கறிக்கடைக்காரர் கேட்டதற்கு, "அந்த ஒரு கிராமை எங்க வெச்சிருக்கேன்னு சொல்லு, நான் வாங்கிட்டுப் போறேன்" என்றாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

இந்த வேலையை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. எலக்ட்ரானிக் தராசுகள் வந்தபோது, கெட்டுப்போன இரண்டை எடைக்கு வாங்கி வந்து, பிரித்துப் பரப்பி, மறுபடி மாட்டித்தான் கற்றுக்கொண்டார். அரசாங்கப் படிவங்களையும் அப்படியேதான். வரிப் படிவத்தோடு வருகிற விளக்கப் புத்தகத்தை மற்றவர்கள் அலமாரியில் விரிக்க எடுத்துக்கொள்வார்கள். இவர் அடிக்கோடு போட்டுப் படித்தார். கடைத்தெருவில் பாதிப் பேருக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது அவர்தான். காசு வாங்க மாட்டார். மரியாதை மட்டும் குறையக் கூடாது.

கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். 7 என்ற எண்ணை யாரும் 1 என்று படித்துவிடக் கூடாதென்று அதன் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார். தராசு அட்டை எழுதுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். போன வருஷத்து அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைப் பெயர், எந்திரத்தின் எண், எவ்வளவு எடை தாங்கும் என்பதையெல்லாம் அப்படியே பார்த்து எழுதுவார். தேதியும் சோதனையில் வந்த எடையும்தான் புதிது. யோசித்து எழுதினால் தப்பு வரும், பார்த்து எழுதினால் வராது என்பது அவர் கட்சி. தன்னுடைய வரிப் படிவத்தையும் வருஷா வருஷம் அப்படித்தான் எழுதினார்.

அவருக்கு ஒரே தங்கச்சி. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். அம்மா அவளோடு இருந்தாள். முன்னே கிராம் வீட்டில்தான் இருந்தாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் மடங்க மறுத்ததும், "நாலு நாள் அவ வீட்டுல இருந்துட்டு வரேன்டா, அங்க படி இல்ல" என்று சொல்லிப் போனாள். அந்த நாலு நாள் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

வயதான பெற்றோரைக் கூடவே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, கட்டிய வரியில் ஒரு தொகையை அரசாங்கம் திருப்பித் தரும். பராமரிப்புச் சலுகை என்று பெயர். தங்கச்சிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கிராம்தான் சொன்னார். "உனக்கு வர வேண்டியது. ஏன் விடணும்?" அவளுடைய சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அம்மா பக்கத்திலிருந்து பிறந்த தேதி சொல்ல, அவரே எழுதி அனுப்பினார். "ஆறு வாரத்துல கைக்கு வந்துடும், பாரு" என்றார்.

அவர் வாக்கை நம்பி, தங்கச்சி சலவைக்கூடத்துச் சூப்பர்வைசரிடம் முன்பணம் வாங்கி அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வாங்கிவிட்டாள். சலுகைப் பணம் வந்ததும் அடைத்துவிடலாம் என்று எண்ணம். அதுவரை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர வேண்டும் என்றார் சூப்பர்வைசர். ஆறே வாரம்தானே என்று இவளும் தலையாட்டினாள்.

ஏழு மாதம் ஆயிற்று. 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று இரண்டு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு, 'விவரங்களில் முரண்பாடு இருப்பதால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று ஒன்று. என்ன முரண்பாடு என்று ஒரு சொல் இல்லை.

கிராமுக்கு ரத்தம் கொதித்தது. தங்கச்சி பெயரில் மனு மேல் மனுவாக எழுதினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்காரும்போது, புது மனுவை வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். ஐந்தாவது மனுவில், 'ஓர் ஏழை இஸ்திரித் தொழிலாளியின் பணத்தை யாரோ விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது' என்று ஒரு வரி போட்டிருந்தார்.

"விழுங்கறாங்கன்னு எல்லாம் எழுதலாமாண்ணா?" என்று தங்கச்சி பயந்தாள்.

"எழுதினாத்தான் உறைக்கும். எனக்கு ஒரே வாரத்துல கணக்கு முடிச்சு அனுப்பினாங்க. உனக்கு மட்டும் ஏன் இழுத்தடிக்கணும்? நீ அப்பாவி. அதான்."

அதற்கும் பதில் வராததால், அவளிடம் அதிகாரக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வரி அலுவலகத்துக்கே போனார். கூடத்தில் முப்பது நாற்பது பேர் பெஞ்சில் இருந்தார்கள். காய்கறிக் கடைக்காரரும் இருந்தார். "கிராமே வந்தாச்சா! இனிமே ஆபீசே சரியாயிடும்" என்று பக்கத்திலிருந்தவருக்கு இவரைக் காட்டினார். இவருக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

கவுண்டரில் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்ட ஓர் அம்மா. கோப்பைக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "இதே பெரியம்மாவை இன்னொருத்தரும் தன்கூட இருக்கறதாக் காட்டியிருக்காங்க சார். ஒருத்தருக்கு ரெண்டு பேர் சலுகை வாங்க முடியாது. அதான் நிக்குது" என்றார்.

"இன்னொருத்தனா? யாரு?"

"அதை நாங்க சொல்லக் கூடாது. அவங்களுக்கும் கடிதம் போட்டு, விவரம் சரியான்னு கேட்டோம். சரின்னு டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டு அனுப்பிட்டாங்க."

"பொய்யி!" கிராமின் குரல் கூடத்தின் கடைசி பெஞ்சு வரைக்கும் போயிற்று. "எங்கம்மா என் தங்கச்சி வீட்டுல இருக்கா. ரெண்டு வருஷமா இருக்கா. எவனோ ஒரு அயோக்கியன் எங்கம்மா பேரை வெச்சு அரசாங்கத்தை ஏமாத்தறான். நீங்க அவனைக் காப்பாத்தறீங்க. யாருன்னு சொல்லுங்க, இந்தத் தெருவுல அவன் எப்படி நடமாடறான்னு பாக்கறேன்!"

"விடாதீங்க கிராமு" என்றார் காய்கறிக் கடைக்காரர்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க அடையாள அட்டையைக் குடுங்க" என்று வாங்கி, எண்ணைத் தட்டினார். தட்டிவிட்டு நெடுநேரம் திரையையே பார்த்தார். பிறகு எழுந்து குனிந்து, கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, இவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அவங்கவங்க படிவத்தை அவங்கவங்களுக்குக் காட்டலாம் சார். இது உங்களோடது."

திரையை இவர் பக்கம் திருப்பினார்.

அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. 'உடன் வசிக்கும் பெற்றோர்' என்ற கட்டத்தில் அம்மாவின் பெயர். பிறந்த வருஷத்தில் ஓர் ஏழு, அதன் நடுவில் ஒரு குறுக்குக் கோடு. அடுத்த பக்கத்தில், விவரம் சரியா என்று கேட்டு வந்த கடிதத்துக்கு இவர் அனுப்பிய பதில். அந்தக் கடிதம் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. வேலையற்றவர்கள் என்று திட்டிக்கொண்டே படிவத்தின் நகலை எடுத்து, வரிக்கு வரி ஒத்துப் பார்த்து, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை என்று திருப்தியாகி 'சரி' போட்டு அனுப்பியிருந்தார். நகலோடு ஒத்துப் பார்த்தாரே தவிர, வீட்டோடு ஒத்துப் பார்க்கவில்லை.

"அஞ்சு மனுவும் இந்தக் கையெழுத்துதான்" என்றார் அந்த அம்மா. கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். மெதுவாகச் சொன்னார். "இந்தத் தாள்ல வாபஸ் வாங்கறேன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு வருஷத்துப் பணத்தைத் திருப்பிக் கட்டணும், கொஞ்சம் அபராதம் வரும். உங்க தங்கச்சிக்கு ஆறு வாரத்துல போயிடும். அவங்களுக்குப் போற கடிதத்துல முரண்பாடு தீர்ந்ததுன்னு மட்டும்தான் இருக்கும். காரணம்னு கேட்ட இடத்துல கவனக்குறைவுன்னு எழுதுங்க. எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க."

எழுதினார். திரும்பி நடக்கும்போது, "என்னாச்சு, யாருன்னு தெரிஞ்சுதா?" என்று காய்கறிக் கடைக்காரர் கேட்டார். "தீந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் அறைக்குத்தான் போனார். அறை என்று சொல்வதற்கில்லை. கட்டில் மேல் பிரித்துப் போட்ட நாலு தராசு, வயர்ச் சுருள், பழைய அட்டைக் கட்டுகள். தலைமாட்டில் புது எடைக்கல் பெட்டி. போன வருஷம் வரிப்பணம் திரும்பி வந்தபோது வாங்கியது.

நடந்ததை மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "உங்க தங்கச்சிகிட்ட போய் இதைச் சொல்லிட்டு நிக்காதீங்க. ஆபீஸ்ல தப்பு, போய் சரி பண்ணிட்டேன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

அவருக்கும் அதுதான் நல்லதென்று பட்டது. மறுநாள் சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போய், உட்காரக்கூடச் செய்யாமல், "வேலை முடிஞ்சுது. ஆறு வாரத்துல வந்துடும்" என்றார்.

தங்கச்சி சொந்தத் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள். "அண்ணா! நான் கைவிட்டுட்டேன், தெரியுமா? இனிமே வராதுன்னே நினைச்சேன்."

"இவன் விடுவானா?" என்றாள் சக்கர நாற்காலியிலிருந்த அம்மா. "ஒத்தை ஆளாப் போய் ஆபீசையே ஆட்டி வெச்சிருக்கான்."

"எங்க சலவைக்கூடத்துல இன்னும் மூணு பேருக்கு இப்படி நிக்குதாம். எங்கண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு நேத்தே சொல்லிட்டேன். ஏண்ணா, அந்தப் பணத்தை விழுங்கினது யாருன்னு கண்டுபிடிச்சியா?"

கிராம் வாயைத் திறந்தார். ஆபீஸ்ல தப்பு என்ற இரண்டு சொல் நாக்கு நுனியில் இருந்தது. தங்கச்சியின் வலது கை மேஜை மேல் இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புதிதாக ஒரு சூட்டுத் தழும்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்ததாக இருக்கலாம்.

"நான்தான்" என்றார்.

"நீதான் கண்டுபிடிச்சே, தெரியுது. யாருன்னு கேக்கறேன்."

"நான்தான்மா. அம்மா என் வீட்டுல இருக்கறதா எழுதி, ரெண்டு வருஷமா நான்தான் வாங்கிட்டு இருந்திருக்கேன். உன் பணம் நின்னது அதனாலதான்."

இஸ்திரிப் பெட்டி மட்டும் உஸ்ஸென்று மூச்சு விட்டது. அவரே மேலே பேசினார். பழைய படிவத்தைப் பார்த்து எழுதியது, கடிதத்துக்குச் சரி போட்டது, எல்லாவற்றையும் சொன்னார். "கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். அதுவும் முழு உண்மை இல்ல. இந்த வருஷம் கவனிக்கலை. முதல் வருஷம் அந்தக் கட்டத்துல பேனா நின்னுது. நாலு நாள்ல வந்துடுவாளே, எதுக்குப் பேரை எடுக்கணும்னு எழுதிட்டேன். அம்மா போயி அப்பவே மூணு மாசம் ஆயிருந்தது."

தங்கச்சி பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். "ஓர் ஏழை இஸ்திரித் தொழிலாளின்னு எவ்வளவு உருக்கமாப் படிச்சே. நான் கண்ணைத் துடைச்சிக்கிட்டுக் கேட்டேன்."

"அம்மாடி..."

"முப்பது ஞாயித்துக்கிழமை அண்ணா."

"முன்பணத்தை நானே நாளைக்கு..."

"நான் பணத்தைச் சொல்லலை."

அம்மா இவ்வளவு நேரமும் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கொஞ்சம் சந்தோஷப்பட்ட மாதிரிகூட இருந்தது. "என் பேரை இன்னும் உன் வீட்டுலதான் வெச்சிருந்தியா?" என்று கேட்டாள். "அப்ப என் கட்டில் போட்ட மாதிரியே இருக்கா?"

ஆபீஸில் அத்தனை பேர் நடுவில் குனியாத தலை அப்போது குனிந்தது. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மடியிலிருந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

"சூப்பர்வைசர்கிட்ட சொன்ன சொல்லு, பணம் வர்ற வரைக்கும் நான் போய்த்தான் ஆகணும்" என்றாள் தங்கச்சி. "நான் போற ஞாயித்துக்கிழமையில பக்கத்து வீட்டுக்காரம்மாதான் அம்மாவைப் பாக்கறாங்க, உனக்குத் தெரியுமா? இன்னும் ஆறு வாரம் இருக்கு. காலையில ஆறரைக்கு நீ வந்துடு. கூட வெச்சுப் பாத்துக்கறேன்னு ரெண்டு வருஷம் எழுதியிருக்க இல்ல? வந்து பாரு."

ஞாயிற்றுக்கிழமை ஆறே காலுக்கே வந்துவிட்டார். தங்கச்சி செருப்பு மாட்டிக்கொண்டே மாத்திரை டப்பாவைக் காட்டினாள், வெந்நீர் வைக்கச் சொன்னாள், கிளம்பிப் போனாள். குரலில் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் கெட்டுப்போன முழங்காலுக்கு இறுக்கமான பட்டி மாட்ட வேண்டும். பட்டியை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டார். அளவு சரியா என்று விரித்துப் பார்த்தார், தைத்திருக்கும் பக்கம் எது என்று பார்த்தார். அம்மாவின் வலது பாதத்தை ஜாக்கிரதையாகத் தூக்கி, பட்டியை உள்ளே நுழைத்து, முழங்கால் வரைக்கும் ஏற்றினார்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இறுக்கிக் கட்டி முடிக்கும் வரைக்கும் விட்டாள். பிறகு போர்வையை விலக்கி, வீங்கிப்போயிருந்த இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, அவர் முன்னால் மெதுவாக வைத்தாள்.