என் சம்பளத்தை நானே சொன்ன நாள்

1. தேங்காய்

கட்டாருக்குப் போன முதல் வாரம், ஒரு சுப்பர் மார்க்கெட்டில் எனக்குப் பின்னால் நீண்ட வரிசை நின்றது. அதை நகரவிடாமல் வைத்திருந்தது நான்தான்.

கையில் ஒரு தேங்காய். தென்னந்தோப்புகள் நிறைந்த புத்தளம் கரையில் பிறந்தவனுக்குத் தேங்காயைக் காசு கொடுத்து வாங்குவதே வெட்கம். அதிலும் அது சின்னது, ஆட்டிப் பார்த்தால் தண்ணீரும் குறைவு. காசு வாங்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் கடைசி விலை என்ன என்று தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவள் மெஷினைக் காட்டினாள். இரண்டு எடுக்கிறேன், குறைத்துத் தாருங்கள் என்றேன். விலை போடுவது கொம்பியூட்டர் என்றாள். அப்படியென்றால் கொம்பியூட்டருக்குப் பொறுப்பான ஆளைக் கூப்பிடுங்கள் என்றேன். சுப்பர்வைசர் வந்தார். பார்சல் பண்ணுவது போல என்னை மெதுவாக வெளியே அனுப்பிவிட்டார். தேங்காய் உள்ளேயே நின்றுவிட்டது.

நடந்ததைச் சொன்னபோது றிஸ்வான் நானா கட்டிலில் புரண்டு சிரித்தார். அவரும் எங்கள் ஊர் பள்ளிவாசல்துறைதான், எனக்கு அண்ணன் முறை. லொறி ஓட்டுகிறவர். அவருடைய அறையில்தான் நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். அன்றிரவு தேங்காய்ச் சம்பல் இல்லாமல் வெறும் பாண் ரொட்டியைத் தின்றோம்.

2. "பார்த்துத் தாங்க"

நான் போனது விசிட் விசாவில். அது முடிவதற்குள் வேலை எடுத்து விசாவை மாற்றவேண்டும். இல்லையென்றால் திரும்பி ஊர். எங்கள் குடும்பத்தில் ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். நாட்டில் சண்டை முடிந்து மீன்பிடிக்கக் கடல் திறந்த பிறகு வாப்பா ஆசையாக வாங்கிய போட் என்ஜினை விற்றுத்தான் எனக்கு டிக்கெட் எடுத்தார். வெறுங்கையோடு அவர் முன்னால் போய் நிற்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

காலையில் பைலைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன். ஒரு ஒஃபிஸில் சி.வி.யை வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அடுத்ததில் கல்ஃப் எக்ஸ்பீரியன்ஸ் கேட்பார்கள். யாராவது வேலை தந்தால்தானே அது வரும் என்று கேட்க நாக்கு துடிக்கும். சில இடங்களில் இன்டர்வியூ நன்றாகவே போனது. கடைசியில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய் என்று. நானும் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: நீங்கள் பார்த்துத் தாருங்கள், சேர்.

எங்கள் கரையில் அதுதான் மரியாதை. மீனைக் கொண்டுவந்து போடுகிறவர் விலை சொல்லமாட்டார். வலைக்கும் எண்ணெய்க்கும் முன்பணம் தந்த முதலாளி பார்த்து ஒன்றைச் சொல்வார், அதுதான் விலை. அதே மனிதர்கள் சந்தைக்குப் போனால் ஒரு கத்தரிக்காய்க்கு மல்லுக்கட்டுவார்கள். வாங்கும்போது வாய் திறக்கவும் விற்கும்போது வாய் மூடவும் பழகிய ஆட்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தை நான் சூட்கேஸில் வைத்துக் கட்டாருக்குக் கொண்டுபோயிருந்தேன். அங்கே அந்தப் பதிலை யாரும் மரியாதையாக எடுக்கவில்லை. தன் வேலையின் பெறுமதி தெரியாதவன் என்றே எடுத்தார்கள்.

"தேங்காய்க்கு அவ்வளவு கதைக்கிறாய். உனக்காகக் கதைக்க வாயில்லையாடா? மாத்திச் செய், அங்கே மூடு, இங்கே திற," என்றார் நானா.

ஓம் நானா என்றேன். ஓம் சொல்வது லேசு.

3. கதவு வரை

விசா முடியப்போகிற வாரம் ஒரு கேட்டரிங் கம்பெனியில் கூப்பிட்டார்கள். வேலையாட்களின் கேம்ப்களுக்குச் சமைத்து அனுப்பும் இடம். தேவைப்பட்டது பர்ச்சேஸ் அசிஸ்டன்ட், அதாவது விடியற்காலை மொத்தச் சந்தைக்குப் போய் மரக்கறியும் மீனும் எடுப்பவர். மெனேஜர் அன்னம்மா மேடம் கேரளாக்காரர், கோயம்புத்தூரில் படித்தவர். நன்றாகத் தமிழ் பேசினார். எல்லாம் கேட்டு முடித்துச் சம்பளத்துக்கு வந்தார். பழக்கதோஷம், வாயில் அதுதான் வந்தது.

"நீங்க பார்த்துத் தாங்க, மேடம்."

அவர் பேனையை மூடி வைத்தார். "உன் சம்பளத்தைச் சொல்லவே கூச்சப்படுற. நாளைக்கு என் வெங்காயத்துக்கு நீ எப்படி தம்பி விலை பேசுவ?"

காது சுட்டது. நியாயமான கேள்வி. மூச்சை இழுத்து ஒரு தொகையைச் சொன்னேன். அவர் ஏறக்குறைய பாதியைச் சொன்னார். அந்தப் பாதியைக் கேட்டதும் எனக்குள் இருந்த சந்தைக்காரன் எழும்பிவிட்டான்.

"மேடம், அது நீங்க சொல்ற விலைக்கே தலையாட்டுற ஆளுக்குக் குடுக்கிற சம்பளம். அப்படி ஒருத்தர் வெங்காயத்துக்கும் தலையாட்டிட்டுத்தான் வருவார்."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் ஏற்றினார். நான் கொஞ்சம் இறங்கினேன். சாப்பாடு கேட்டேன், தந்தார். ஊருக்குப் போய்வர வருடத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டேன், இரண்டு வருடத்துக்கு ஒன்று என்றார். அந்த இடத்தில் பேச்சு நின்றுவிட்டது.

புத்தளம் சந்தையில் இதற்கு ஒரு வழி உண்டு. சாமானை வைத்துவிட்டுத் திரும்பி நடக்கவேண்டும், வியாபாரி கூப்பிடுவார். பைலை எடுத்து ஸலாம் சொல்லி எழும்பினேன். கதவுப் பிடியில் கை வைக்கும் வரை யாரும் கூப்பிடவில்லை. வாப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவோமா என்றுகூட நினைத்தேன். பிடியைத் திருப்பினேன்.

"கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு," என்றார் மேடம். "இதே மாதிரி சந்தையிலயும் நடப்பியா?"

"கட்டாயம் நடப்பேன், மேடம்."

"டிக்கெட் வருசத்துக்கு ஒண்ணு. காலையில வெள்ளனவே வேன் வரும்."

விசிட் விசா முடிவதற்குள் என் பாஸ்போர்ட்டில் வேலை விசா அடித்துவிட்டார்கள். வாப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது அவர் கரையில் நின்றார். பக்கத்தில் நின்றவர்களிடம் அதை அவர் உரத்துச் சொல்லும் சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

வேலை தேடி வெளியே வரும் தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சேர்ட்டிஃபிகேட்டைப் பைலில் வைப்பது போல உங்கள் சம்பளத்தையும் முதலே யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். கேட்டால் நேரே பார்த்துச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. சொன்ன பிறகு நெஞ்சு அடிக்கும். அடிக்கட்டும். அடுத்த வார்த்தையை மட்டும் அவர்கள் பேச விடுங்கள்.