ஜோதியம்மாள் எடுத்த அட்டை

1986-ல் பிரசவ ஆஸ்பத்திரி ஆயா ஜோதியம்மாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது சபையில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவளைப் பற்றி முக்கியமானதைச் சொன்னால் என் வண்டவாளமும் வெளியே வரும். பொன்னாடையைப் போர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

எங்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அதில் இருக்கும் வசனம் அந்த வருஷத்துக்குக் கடவுள் தந்த வாக்கு. 1979-க்கு அட்டைகளை எழுதியவன் உபதேசியாரான நான்தான். காதுக்கு இனிக்கிற வரியாகப் பார்த்து எழுதினேன். அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சோம்பல்.

ஜோதியம்மாள் கைக்கு வந்த அட்டை இது: "உன் சத்துருவை உன் கையில் ஒப்புக்கொடுப்பேன்."

அவளுக்குச் சத்துரு என்றால் பக்கத்து வீட்டு மணியம்மாள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஜோதியம்மாளின் மகள் வேதாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், அந்தக் குடும்பத்தில் டி.பி. இருக்கிறது என்று சொல்லிக் கலைத்துவிட்டாள். ஜோதியம்மாளின் புருஷன் செத்தது பாம்பு கடித்து. டி.பி.யாம்! கேட்டதற்கு, நான் சொல்லவே இல்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள் மணியம்மாள். வேதாவுக்கு அதன்பிறகு வரனே வரவில்லை. பெற்ற வயிறு எரியாதா?

தை பிறந்தது. மணியம்மாளின் மகள் தனத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா சரோஜா விசாரிக்க நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

"பக்கத்து வீட்டுல இருக்கீங்க. பொண்ணு எப்பிடிங்க?"

பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெருமூச்சு போதும், கல்யாணம் நின்றுவிடும். அட்டையும் அதைத்தானே சொன்னது? ஜோதியம்மாள் வாயைத் திறக்கவில்லை. சரோஜாவின் முகம் மாறத் தொடங்கியது.

ஆனால் ஜோதியம்மாள் வேதத்தை அட்டையில் படித்தவள் இல்லை, வரி விடாமல் படித்தவள். அந்த வசனம் எங்கே வருகிறது என்று அவள் மனசு தேடிப்போயிற்று. தாவீதைக் கொல்லத் துரத்துகிற சவுல் ராஜா ஒரு குகையில் தனியாக அகப்படுகிறான். கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்று தாவீதைத் தூண்டிவிடும் அவன் ஆட்களின் பேச்சு அது. தாவீது அவர்கள் பேச்சைக் கேட்டுக் கொல்லவில்லை. சவுலின் சால்வை நுனியை மட்டும் அறுத்தான். அதற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது.

"தங்கமான பொண்ணுங்க. கண்ண மூடிக்கினு எடுக்கலாம்," என்றாள் ஜோதியம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "யார் சொன்னதுன்னு பாக்காம எழுதிட்டீங்களே, ஐயா." எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் நடந்ததையும் மிச்சத்தையும் அப்போதுதான் சொன்னாள்.

சரோஜா வந்துபோன அன்று சாயங்காலமே மணியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள்.

"தனத்தப் பத்தி கேட்டாங்க. நல்ல பொண்ணுன்னு சொன்னேன். ஆனா உடனே சொல்லல. ரொம்ப நேரம் வாயத் தொறக்காம நின்னேன். அத உன்கிட்ட சொல்லிடணும்னு வந்தேன்."

மணியம்மாள் முறத்தில் கிடந்த மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தனியே போட்டுக்கொண்டிருந்தாளாம். கடைசியில், "வேதாவுக்கு வந்தவங்ககிட்ட நான்தான் சொன்னேன்," என்றாளாம்.

"தெரியும். அதான் வாயத் தொறக்க அவ்ளோ நேரம் ஆச்சு."