வெளுத்த கிளைகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். வீடு திரும்பும்போது தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். கணவர் இறந்த பிறகு பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. பின்சுவரோரம் கொஞ்சம் மண் சும்மா கிடந்ததால் டாக்வுட் என்ற பூமரத்தின் கன்று ஒன்றை வாங்கி நட்டாள். பச்சை இலைக்கு ஓரமெல்லாம் வெள்ளைக் கரை.

நர்சரிக்காரர் அப்போதே சொன்னார். "இலையில பச்சை கம்மி. அதனால மெதுவாத்தான் வளரும். நடுவுல முழுப் பச்சையா ஒரு கிளை கிளம்பும். பாவம் பார்க்காம வெட்டிடுங்க. விட்டா மரம் முழுக்க அதுவே ஆயிடும்."

மெதுவாகத்தான் வளர்ந்தது. வெயிலில் இலை கருகாமல் பழைய துணியை நிழலுக்குக் கட்டினாள். வேரடியில் சருகு பரப்பினாள். நாலைந்து வருஷம் கழித்து அந்தப் பச்சைக் கிளை கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை வெட்டலாம் என்று தள்ளிப்போட்டாள். ஞாயிறுகள் வந்து போயின. வேலை அலுப்பில் படுத்தவளால் எழ முடியவில்லை. பச்சை தழைத்துக்கொண்டே போனது.

அந்தச் சமயம் தன் மகனோடு மனஸ்தாபப்பட்டு அவள் அக்கா பெட்டியோடு வந்து சேர்ந்தாள். சும்மா உட்கார்ந்து சாப்பிட அக்காவுக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்த தங்கை, வெள்ளைக் கரை போட்ட கிளைகளெல்லாம் தரையில் குவிந்து கிடப்பதைப் பார்த்தாள்.

"சோகை பிடிச்ச மாதிரி வெளுத்துக் கிடந்துச்சுடி. நோய் வந்ததையெல்லாம் கழிச்சிட்டேன். நல்லதை மட்டும் விட்டிருக்கேன், பாரு."

கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குத் தெம்பில்லை. படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"அக்கா, அந்த வெளுப்புக்காகத்தான் இத வாங்கினேன்."

அக்காவின் முகம் சுருங்கியது. "நான் கை வச்சாலே இப்படித்தான். அங்கயும் இதே கதைதான். காலையில கிளம்பிடறேன்."

"கிளம்பி எங்க போவ? வந்து ஸ்டூலைப் பிடி."

அடியில் ஒரு சின்ன வெள்ளைக் கிளை அக்காவின் கண்ணுக்குத் தப்பியிருந்தது. தங்கை அதை மட்டும் விட்டுவிட்டுப் பச்சை முழுவதையும் அறுத்துத் தள்ளினாள். "மொட்டையாயிடுமேடி" என்றாள் அக்கா. ஆகித்தான் போனது. நட்டு வைத்த விளக்குமாற்றுக் கட்டை போல நின்றது மரம்.

மறு வருஷம் அந்தக் கிளையில் ஒரு கைப்பிடி இலை துளிர்த்தது. அக்காவும் போகவில்லை. பச்சைத் துளிர் எங்கே தலைநீட்டினாலும் அவளே கிள்ளிப் போட்டாள்.

"இது பூக்க இன்னும் எத்தனை வருஷம்டி ஆகும்?" என்று ஒரு சாயங்காலம் கேட்டாள்.

தங்கை சாப்பிட்ட தட்டை மடியில் வைத்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். அக்கா தட்டை மெல்ல உருவி எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.