குலவை போட்ட ஊர்

எங்கள் நாடகத்தில் இரண்டே பேர், அவளும் நானும். அவள் என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவள். கதையும் அதுதான். தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகும் விதவை ஒருத்தி, அவளுடைய எதிர்வீட்டுக்குக் குடிவரும் லோடுமேன் ஒருவன். முதலில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். கடைசியில் அவன் அவளுக்குத் தாலி கட்டுவான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊருக்கு ஊர் மகளிர் குழு தொடங்கிய காலம். சேமிப்பு, குழந்தைத் தொழிலாளர் என்று குழுக்காரர்கள் கேட்ட நாடகத்தை முதலில் போடுவோம். அது முடிந்தும் கூட்டம் கலையாமல் இருந்தால் இதைப் போடுவோம். இதை யாரும் கேட்டதில்லை. நாங்களாகப் போட்டோம்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஓட்டல், லாரி, அச்சாபீஸ் என்று எங்கேயும் ஆறு மாதம் தரித்ததில்லை. அவள் புருஷன் பட்டாசு ஆலைத் தீயில் போனவன். அதன்பிறகு அவள் ஊரைவிட்டு வந்துவிட்டாள். நாங்கள் மூன்று வருஷம் சேர்ந்திருந்தோம். எங்களுக்குள் தாலி கிடையாது. அறை கேட்கும் இடத்தில் அக்கா தம்பி என்று சொல்லிக்கொள்வோம். நாலு பேர் பார்க்கப் புருஷன் பெண்டாட்டியாக நின்றது நாடகத்தில்தான்.

தாலிக்கு மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு. நாடகம் முடிந்ததும் கழற்றி மறுநாள் குழம்புக்கு அரைத்துவிடுவாள். "ஒரு மஞ்சளை ரெண்டு தடவை கட்டக்கூடாதுப்பா" என்பாள். அப்படி யார் சொன்னது என்று நான் கேட்டதில்லை.

இந்தச் சாத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் எங்கே தாலி ஏறினாலும் குலவை போடுவார்கள். சாமி நாடகத்தில் வேஷக்காரர் கட்டினாலும் போடுவார்கள். எங்களுக்கு யாரும் போட்டதில்லை. ஆமத்தூரில் நான் கயிற்றை எடுத்ததும் பின்னாலிருந்து ஒருவன், "ஏலே, அக்காளைக் கட்டுதயே, ஆத்தாகிட்டச் சொல்லிட்டியா?" என்றான். "அவளுக்குத் தலை நரைச்சா மை வாங்கிக் குடுப்பியாலே?" என்றான் இன்னொருவன். கூட்டம் சிரித்து முடிக்கும்வரை நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். எல்லாம் முடிந்து, மேடையாக விரித்த சாக்கை மடிக்கும்போது ஒரு பெரியவர் அருகில் வந்து, "அப்புறம் அதுகளுக்குப் பிள்ளை பெறந்துச்சா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

அச்சங்குளத்தில் யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பட்டாசு வேலையின் அலுமினியப் பவுடர் நகத்தைவிட்டுப் போகாத ஒரு பெண் அவளிடம் வந்தாள்.

"மதினி, அந்த ஆளு குடிச்சிட்டு வந்து அடிப்பானா?"

"அடிக்க மாட்டான்."

"அப்ப நாடகந்தான்."

அதற்கு மட்டும் இருவரும் சிரித்தார்கள்.

அந்த மூன்றாவது வருஷம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பஸ் படி ஏறினால் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிடுவாள். ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். அங்கே ஒரு வீடு பிடித்து, என்னோடு இருந்து, வாசலுக்கு வருகிற கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போக வேண்டும். இதைத் தவிர வேறு பேச்சு அவளிடம் இல்லாமல் போயிற்று. அந்த ஊரில் அக்கா தம்பி என்று சொல்ல முடியாது. அவளுக்குத் தம்பி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நாடகத்தை அங்கன போடுவோம். குலவை போட்டாகன்னா வீடு கேப்போம்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு, வெயில் தாழ்ந்த நேரம், ஊர் மந்தைத் திடலில் போட்டோம். அவள் தம்பி என்று கூப்பிட்டபோது யாரும் சிரிக்கவில்லை. புருஷனுடைய சட்டையை எடுத்து உதறும் இடத்தில் நாலைந்து பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் அப்படிச் சட்டைகள் நிறைய இருந்தன. நான் கயிற்றைக் கட்டினேன். முதல் குலவை வயதான ஓர் அம்மாவிடமிருந்து வந்தது. ஒரே வாசலில் ஆறு வீடு வைத்து வாடகைக்கு விடும் வளவுக்காரம்மா அவர், அவளுக்குச் சித்தி முறை. பிறகு மந்தை முழுவதும் குலவை. முடிச்சு சரியாக விழவில்லை, மேலே இன்னொன்றை இழுத்துப் போட்டேன்.

அன்று அவள் அந்தம்மா வீட்டில் படுத்தாள். நான் ஊர்ச் சாவடியில் படுத்தேன். காலையில் போனபோது கயிறு அவள் கழுத்திலேயே கிடந்தது. மூன்று வருஷத்தில் அவள் கழற்றாமல் விட்டது அன்றுதான்.

வளவுக்காரம்மா இருவருக்கும் காப்பி கொடுத்தார். அவள் வீடு கேட்டாள்.

"கடைசி வீடு காலியாத்தான் கெடக்கு தாயி. நீ மட்டும்னா இன்னைக்கே வா."

"சித்தி, நேத்து நீங்கதான மொதக் குலவை போட்டீக?"

"நாடகத்துக்குப் போட்டேன். நாடகம்னா அழுவோம், குலவை போடுவோம். விடிஞ்சா குழாயடியில நின்னு என்னைய கேப்பாளுகள்ல? அந்தக் கயித்தக் கழட்டிட்டு வா. உன் புருஷன் செத்த ஊரு இது."

பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க தப்பா நெனைக்காதீக தம்பி. நேத்து நல்லா நடிச்சீக."

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். வேறு ஊர் பார்க்கலாம் என்றேன். எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் ஊர் இல்லை.

"எனக்கு இனிமே பஸ் ஏற ஏலாதுப்பா" என்றாள்.

நான் இழுத்துப் போட்ட முடிச்சு. அவிழ்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மஞ்சளை என் கையில் வைத்தாள்.

"நீ கொளம்பு வச்சா போட்டுக்க."

சாத்தூர் பஸ் வந்தது. ஸ்டவ்வும் சட்டியும் என் மூட்டையில் இருந்தன. அவற்றை எடுத்து அவள் காலடியில் வைத்துவிட்டு ஏறினேன்.