இடுப்பளவுப் புல்லுக்கு மூன்று விலைப்புள்ளிகள்

ஐப்பசியையும் கார்த்திகையையும் சென்னையில் மகள் வீட்டில் கழித்துவிட்டு நானும் மனைவியும் சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது, பின்புறத் தோட்டத்தில் புல் இடுப்பளவு நின்றது. அந்த வருஷம் நல்ல மழை. கோரையும் அருகம்புல்லும் நாயுருவியும் ஒன்றோடொன்று பின்னி, தரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தோட்டத்தின் நடுவில் ஒரு புற்று உண்டு. அதையும் புல் மூடியிருந்தது. கடைசியில் மோட்டார் அறை. அங்கே போய் சுவிட்சைப் போட்டால்தான் வீட்டுக்குத் தண்ணீர்.

மூன்றாம் நாள் காலையில் மோட்டார் போட்டுவிட்டு வந்த மனைவி, "ரூம் வாசல்ல பாம்புச் சட்டை கெடக்கு. எங்கையி நீளத்துக்கு ரெண்டு மடங்கு இருக்கும்" என்றாள். காய்கறி விலை சொல்லும் குரல். காலில் செருப்புகூட இல்லை.

எனக்குப் பாம்பு என்றால் பயம். வருவாய்த் துறையில் இருந்தவனுக்கு அந்தப் பயம் காகிதமாக வரும். பாம்பு கடித்து இறந்தவர்களின் குடும்பத்தார் கொடுக்கும் நிவாரண மனுக்கள் பல வருஷம் என் மேசைக்கு வந்தன. பிரேதப் பரிசோதனை அறிக்கை, முதல் தகவல் அறிக்கையின் நகல், வாரிசுச் சான்று. எதன் பின்னால் எதை வைத்துத் தைக்க வேண்டும் என்பது தூக்கத்திலும் தெரியும். எல்லா மனுவிலும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்: 'காலையில் மோட்டார் போடச் சென்றபோது.' அப்போது அதில் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். இப்போது அந்த வாக்கியம் என் கையெழுத்தில் தெரிந்தது. மனுதாரர், கணவர்.

அன்றைக்கே புல்லை வெட்டியிருக்க வேண்டும். நான் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். மூன்று விலைப்புள்ளி வாங்கும் விதி அரசுக் கொள்முதலுக்குத்தான். சொந்தத் தோட்டத்துக்குப் பொருந்தாது என்று யாரும் எனக்குச் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

முதலில் பன்னருவாள். குனிந்து இடது கையால் புல்லைக் கொத்தாகப் பிடித்து வலது கையால் அறுக்க வேண்டும். இடது கை எதைப் பிடித்தது என்பது பிடித்த பிறகுதான் தெரியும். நிராகரிக்கப்பட்டது. அடுத்தது களைக்கொல்லி. மனைவி முறைத்தாள். "அம்மன் ஊர்ல இருந்துக்கிட்டு புத்து மேல மருந்து அடிப்பீகளோ?" அதுவும் போயிற்று.

ராஜபாளையம் சாலைக் கடைக்காரர் என்னைப் பழைய பட்டா விஷயத்தில் அறிந்தவர். தள்ளிக்கொண்டு போகும் சக்கர மெஷினைக் காட்டிக் கேட்டேன்.

"அது ஆசுபத்திரி வாசல் புல்தரைக்கு அண்ணாச்சி. ஒங்க புல்லுல விட்டா ரெண்டடி போயி மூச்சு முட்டி நின்னுரும்."

"நைலான் கயிறு சுற்றுமே, அது?"

"இளம்புல்ல எடுக்கும். கோரையில பட்டா கயிறுதான் அறும். ஒங்களுக்கு பிளேடு போட்டது. தோள்ல மாட்டிக்கிட்டு இப்படி வீசணும்."

"பிளேடுக்கும் காலுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் எத்தனை சிசின்னு கேப்பாங்க. நீங்கதான் இதைக் கேக்குதீக. பாம்பு கெடக்கோ?"

"பொதுவாகக் கேட்டேன்."

"சத்தம் கேட்டா அது போயிரும் அண்ணாச்சி."

"எங்கே போகும்?"

அவர் கால்குலேட்டரை எடுத்து விலையைத் தட்டிக் காட்டினார்.

இரண்டாவது கடையில் விலையை விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்கள். புளியங்குடிக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவில்லை. மூன்றாவது விலைப்புள்ளி வராமல் எப்படி முடிவெடுப்பது? காத்திருந்தேன். புல் காத்திருக்கவில்லை. மனைவி கோவில் வாசலில் தகட்டில் செய்த பாம்பு உருவம் ஒன்றை வாங்கி, உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். அவள் கொள்முதல் அரை மணி நேரத்தில் முடிந்தது.

அந்த நாட்களில் காலைதோறும் அவள் ஒரு கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே மோட்டார் அறைக்குப் போனாள். நான் பின்வாசலில் நின்று, அவள் தலை புல்லுக்கு மேலே திரும்பி வருகிறதா என்று பார்ப்பேன். நான் போகிறேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதிவிட வேண்டும்.

ஒரு காலை அவள் பாதியிலேயே திரும்பி வந்தாள். "கம்பத் தட்டுனேன். புத்துப் பக்கம் ஏதோ சீறுது."

அன்று மதியமே முதல் கடையில் பிளேடு மெஷினை வாங்கிவிட்டேன்.

மறுநாள் முழங்கால்வரை பூட்ஸ், முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு. தொடங்கும் முறை எனக்குத் தெரிந்த ஒரே முறை: நிலம் என்றால் நான்கு எல்லை. கிழக்குச் சுவரோரம் ஆரம்பித்து தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஒரு சுற்று. அதையொட்டி உள்ளே இன்னொரு சுற்று. பிளேடு பட்டதும் கோரை சரசரவென்று சாய்ந்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

நான்காவது சுற்றில்தான் கவனித்தேன். தவளை, அரணை, எலி எல்லாம் ஒரே திசையில் ஓடின. உள்நோக்கி. வீட்டுப் பக்கமிருந்து ஒரே நேராக வெட்டிக்கொண்டு போயிருந்தால் எல்லாம் முன்னால் ஓடி, பின்சுவரில் மழைத்தண்ணீர் போகும் ஓட்டை வழியே வெளியேறியிருக்கும். நான் நான்கு எல்லையையும் அடைத்து, தோட்டத்தில் இருந்த அத்தனை உயிரையும் புற்றைச் சுற்றி இரண்டு கட்டில் அளவு புல்லுக்குள் ஓட்டிச் சேர்த்திருந்தேன். மூச்சில் கண்ணாடி மறைப்பு மங்கியது. இன்ஜினை அணைத்தேன்.

சத்தம் நின்றதும் மனைவி வெளியே வந்தாள். "முடிஞ்சிட்டா? டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல. போட்டுட்டு வாரேன்." வெட்டிய தரையில் வெறுங்காலோடு நடந்தாள். நில் என்று கத்தினேன். மறைப்புக்குள் எனக்கே கேட்கவில்லை.

புல்லிலிருந்து அது வந்தது. சாம்பலும் பழுப்புமாக, அவசரமில்லாமல். அவளுக்கும் அதற்கும் நான்கு எட்டு. அவள் நின்றுவிட்டாள். அதுவும் நின்று தலையைத் தூக்கியது. படம் விரிந்தது. அது பார்த்தது அவளை அல்ல, என்னை.

"என்னங்க," என்றாள், மெல்ல. "அது போற வழியில நிக்கீக. ஒதுங்குங்க."

என் முதுகுக்குப் பின்னால்தான் சுவர் ஓட்டை. ஒதுங்க வேண்டும் என்று புரிந்தது, கால் நகரவில்லை.

"மெதுவா. இடது பக்கம். இன்னொரு எட்டு."

அவள் சொல்லச் சொல்ல நகர்ந்தேன். படம் தாழ்ந்தது. பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளிப் போய், வால் நுனிவரை ஓட்டைக்குள் இறங்கிவிட்டது. அவள் நேரே போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து, என் தோளிலிருந்து மெஷினைக் கழற்றினாள்.

மிச்சப் புல்லை வெட்டவில்லை. வெட்டவும் விடமாட்டாள்.

மறுநாள் அவளுக்கு முன்பே எழுந்து பூட்ஸை மாட்டினேன்.

"எங்க கெளம்பிட்டீக?"

"மோட்டார் போட."

"புத்தச் சுத்திப் புல்லு அப்படியே நிக்கி."

"தெரியும்" என்றேன். கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவள் பின்வாசலில் வந்து நின்றுகொண்டாள்.