வெள்ளை பூத்த அலமாரி

காலை ஐந்தரை மணிக்கு மதுரையிலிருந்து வீட்டோடு கிளம்பினோம். ஆமாம், வீட்டோடுதான். என் தம்பி செல்வம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். பக்கத்து இருக்கையில் என் வீட்டுக்காரர். நான் பின்னால், வீட்டுக்குள், தேக்குப் பலகைக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஸ்டவ் வைக்க ஒரு மேடை, அதற்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, மேடைக்கு மேலே நான்கு கதவு வைத்த அலமாரி. 1981ஆம் வருடம், ஐப்பசி மாதம்.

செல்வம் தன் மாமனார் பட்டறையில் லாரிக்கு பாடி கட்டிக்கொண்டிருந்தவன். ஒரு பழைய வேனை வாங்கி, வேலை முடிந்த பிறகு மிஞ்சிய நேரத்தையெல்லாம் அதில் போட்டு, அதை ஓடும் வீடாக மாற்றியிருந்தான். மாமனார் அதைப் பைத்தியக்காரத்தனம் என்றார். பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னார். கடைசியில் சங்கரன்கோவிலில் ஜவுளி வியாபாரம் செய்யும் கோமதிநாயகம் என்பவர், வண்டியைக் கொண்டுவந்தால் பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். சந்தை சந்தையாகச் சேலை விற்பவர். லாட்ஜ் மூட்டைப்பூச்சிகளோடு படுத்து அலுத்துப் போனவர். அவர் வாங்கிக்கொண்டால் செல்வம் தனியாகப் பட்டறை போட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் மறுபடியும் மாமனாரின் கீழ் சுத்தியலும் கையுமாக நிற்க வேண்டியதுதான். அந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தப் பயணம். பக்கவாத்தியம் வாசிக்க நாங்கள் இரண்டு பேர்.

திருமங்கலம், கல்லுப்பட்டி தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை எழுபத்தைந்து கிலோமீட்டர். பால்கோவா வாங்க வேண்டும் என்றேன். வாங்கினோம். ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எதிரே வரும் பஸ்ஸே தெரியாத மழை. ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினான் தம்பி.

"இங்கேயே சமைச்சுருவோம்க்கா. இதுக்குத்தானே இதைக் கட்டினேன்" என்றான்.

சாரல் உள்ளே வராமல் இருக்க ஜன்னல்களையெல்லாம் அவனே இழுத்து மூடினான். ஸ்டவ்வைப் பற்ற வைத்துப் பொங்கலுக்கு அரிசியும் பருப்பும் போட்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஆவி நிறைந்து, கண்ணாடியெல்லாம் நீர் கோத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்துப் போய், "ஆவி பிடிக்கத் தனியா டாக்டர்கிட்டப் போக வேண்டாம்" என்றார். பொங்கல் என்னவோ அமிர்தமாக இருந்தது. ஓடும் வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட பெருமையில் மூன்று பேரும் அலமாரிப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

ராஜபாளையத்தில் மழை விட்டிருந்தது. அங்கிருந்து கரிவலம்வந்தநல்லூர் வழியாக முப்பத்திரண்டு கிலோமீட்டர். பத்தரை மணிக்குக் கோபுரம் கண்ணில் பட்டது. கோமதிநாயகம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது நல்ல வெயில். அவர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவி ஆவுடையம்மாள் வெளியே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தலை நிறையப் பிச்சிப்பூ.

"வாங்கக்கா, வாங்க அண்ணாச்சி. அவுக தென்காசி வரைக்கும் போயிருக்காக. நாலு மணிக்கு வந்திருவாக. காப்பி போடுதேன், உள்ள வந்து இருங்க."

காப்பி குடித்துவிட்டு வண்டியைத் துடைத்து வைக்கப் போனான் செல்வம். போனவன் திரும்பவில்லை. நான் போய்ப் பார்த்தால் வண்டிப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"போச்சுக்கா."

அலமாரியின் நான்கு கதவுகளிலும் வெள்ளை பூத்திருந்தது. தேமல் விழுந்த முதுகு மாதிரி, புள்ளியும் திட்டுமாக. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டணத்தால் தடவித் தடவி அவன் ஏற்றிய பாலிஷ் அது. மூடின வண்டிக்குள் பொங்கின ஆவி அதில் போய் உட்கார்ந்துவிட்டது. உலர்ந்த துணியால் தேய்த்தான். அசையவில்லை. என் வீட்டுக்காரர் தபால் ஆபீசில் ஹெட் கிளார்க். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. "வெயில்ல காட்டினா ஓடிப்போயிரும்" என்றார். கதவுகளைத் திறந்து வைத்து வெயிலில் காட்டினோம். வெள்ளை இன்னும் தெளிவாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

"மறுபடி பாலிஷ் போட முடியாதா?" என்றேன்.

"சுரண்டி எடுத்துட்டுப் போடணும். மூணு நாளாவது காயணும். அவர் நாலு மணிக்கு வாராரு" என்றான். ஆறடி ஆள், படியில் குறுகி உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஆவுடையம்மாள் வண்டியைப் பார்க்க வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் இரண்டு கதவுகளை முதுகால் மறைத்தார். நான் ஒரு கதவில் சேலையைத் தொங்கவிட்டேன். நான்காவது கதவின் முன்னால் தம்பி நின்றுகொண்டான். அவருக்கு எங்களைக் கவனிக்கவே நேரமில்லை. கட்டிலை அமுக்கிப் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீர் வந்ததும் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அவுக ஊரு ஊராப் போறாக. நான் தென்காசிக்கு அங்கிட்டு ஒரு ஊரு பாத்ததில்லக்கா. பொம்பளைய எந்த லாட்ஜுல தங்க வைக்கன்னு கேப்பாக. இந்த வண்டி அமைஞ்சா என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காக" என்றவர், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஏன் அண்ணாச்சி, அதுலயே சாஞ்சு நிக்கீய? இப்படி உக்காருங்க."

வேறு வழியில்லை. அவர் நகர்ந்தார். ஆவுடையம்மாளின் கை கதவைத் தடவிக்கொண்டே போய் வெள்ளைத் திட்டில் நின்றது. சட்டென்று இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார்.

"முடிஞ்சுது. சொல்லிருவாங்க" என்றான் செல்வம்.

அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு பித்தளைக் கிண்ணம் இருந்தது. சங்கரன்கோவில் அம்பாள் கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கும் புற்று மண் அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதைத் தண்ணீரில் குழைத்து எடுத்து வந்திருந்தார். நாங்கள் என்ன ஏது என்று கேட்பதற்குள் மூன்று கதவுகளில் அப்பிவிட்டார்.

"ஐயோ, தண்ணி! தண்ணியாலதாம்மா இது வந்ததே!" என்று அலறினான் தம்பி.

"தேமலு, படை, சொறி எது வந்தாலும் எங்க ஊருல இதான் பூசுவோம். அம்பாள் மண்ணு. மனுசனுக்குக் கேக்கது மரத்துக்குக் கேக்காதா?" என்றவர், அவன் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது. "கெடுத்துப்புட்டேனா தம்பி?"

அவரைக் கோபித்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? தண்ணீர் படாமல் அந்தச் சேற்றை எடுத்தாக வேண்டும். என் பையிலிருந்த தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். பழைய பனியன் துணியில் ஊற்றி வட்டம் வட்டமாகத் துடைத்தேன். மண்ணும் எண்ணெயும் குழைந்து மை மாதிரி ஆயிற்று. அதை வழித்தெடுத்தால் அடியில் தேக்கு பளபளவென்று சிரிக்கிறது. வெள்ளையைக் காணோம்.

"செல்வம், இங்க வாடா!"

அவன் குனிந்து, கதவில் மூக்கு உரசப் பார்த்தான். என் கையிலிருந்த துணியைப் பிடுங்கி அடுத்த திட்டைத் தேய்த்தான். அதுவும் போயிற்று. "ஈரம் பாலிஷோட மேல்தோல்லதான்க்கா நிக்குது. மண்ணு மாவு மாதிரி நைஸ். மேலாக்கச் சீவி எடுக்குது. எண்ணெய் மினுக்கம் குடுக்குது" என்றான்.

"அம்பாள் எடுக்கான்னு சொல்லுங்க" என்றார் ஆவுடையம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு மண்ணைப் பொடியாகவே எண்ணெயில் குழைத்துக்கொண்டோம். யாரையும் துணியைத் தொட விடவில்லை அவர். நான்கு கதவுகளையும் தானே தேய்த்தார். ஆசை அதிகமாகி ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்ததில் பாலிஷே போய் வெறும் மரம் தெரிந்தது. நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

நாலு மணிக்குக் கோமதிநாயகம் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை, அதிகம் பேசாத ஆள். கட்டிலில் படுத்துப் பார்த்தார். சேலைக் கட்டு எத்தனை கொள்ளும் என்று கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி அளந்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"என்ன தம்பி, தேங்காண்ணை வாசம் அடிக்கு?"

"அது புதுத் தேக்கோட..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். செல்வம் குறுக்கே வந்துவிட்டான்.

"இல்லண்ணே. மழையில எல்லாத்தையும் மூடிட்டு உள்ள சமைச்சேன். அலமாரி வெள்ளை பூத்துப்போச்சு. அக்காவும் உங்க வீட்டுலயும்தான் சரி பண்ணினாங்க. கூரையில ஆவி போக வழி வைக்காதது என் தப்பு. வண்டி வேண்டாம்னா சொல்லிருங்க, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

இந்தப் பயல் அவன் தலையில் அவனே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறானே என்று ஒரு பக்கம் ஆத்திரம். என் தம்பியாச்சே என்று ஒரு பக்கம் பெருமை. கோமதிநாயகம் கதவுகளைத் தடவிக்கொண்டே வந்து, பாலிஷ் போன மூலையில் விரலை வைத்தார்.

"இது யாரு தேச்சது?"

"நாந்தான்" என்றார் ஆவுடையம்மாள். "நாலு கதவும் என் கையால தொடச்சது. இத வேற யாரு வீட்டுக்கும் அனுப்பிட்டு, நான் மறுபடியும் தனியா இங்கன கெடக்கவா?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் குரலை அவர் இதற்கு முன்னால் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

"சரிட்டி. வண்டி ஒன்னுது. நான் ஓட்டுதேன்" என்றார்.

அன்றிரவு அவர்கள் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலையில் செல்வம் வெல்டிங் கடைக்கு வண்டியைக் கொண்டுபோய்க் கூரையில் ஓட்டை போட்டு, தகரத் தொப்பி ஒன்று வைத்துக் கொடுத்தான். நாங்கள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். எனக்கும் ஒரு பொட்டலம் புற்று மண் கட்டிக்கொடுத்தார் ஆவுடையம்மாள். மத்தியான பஸ்ஸில் கிளம்பினோம். வீட்டோடு வந்தவர்கள் பையோடு திரும்பினோம். இனி தனிப் பட்டறைதான் என்று தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி ராஜபாளையம் வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

பிறகு வந்த கார்த்திகையில் அவர்களிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அருப்புக்கோட்டையில் போட்டிருந்தார்கள். போகிற ஊரில் எல்லாம் விடிந்ததும் வண்டிப் படிக்குக் கீழே கோலம் போடுவதாகவும், முந்தின நாள் கோலத்தைத் திரும்பப் பார்க்க முடியாதது மட்டும்தான் குறை என்றும் ஆவுடையம்மாள் எழுதச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை, மதுரையில் இருபது வருடமாக நான் பெருக்கும் அதே வாசலில் புள்ளி வைத்தேன். அவர் இப்போது எந்த ஊர் மண்ணில் குனிந்திருப்பார் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது.