முனீஸ்வரன் பாட்டிலுக்கு டிக்கெட் இல்லை

திருவள்ளூர் ரோட்டில் இருக்கும் ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்காவில் எனக்கு வாசல் சோதனை வேலை. பெண்கள் வரிசை என்னுடையது. பையைத் திறந்து பார்ப்பேன், பாட்டிலைத் திறந்து மோந்து பார்ப்பேன், சந்தேகம் வந்தால் குடித்ததைக் காட்டுகிற மெஷினில் வாயை வைத்து ஊதச் சொல்வேன். "இன்னா வேலடி இது, ஊர் வாயெல்லாம் மோந்து பாக்குற வேல" என்று செவ்வாப்பேட்டையில் என்னோடு ரயில் ஏறும் சிநேகிதி தினமும் கிண்டலடிப்பாள். போடி, உன் மேனேஜர் மூஞ்சியைப் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்பேன்.

வாசலிலேயே ஆள் உயரத்துக்கு போர்டு வைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்தால் உள்ளே விடமாட்டோம், டிக்கெட் காசு திரும்ப வராது. சரக்கு கொண்டுவந்தால் கேமரா முன்னால் குழியில் கொட்டிவிடுவோம். உள்ளே போனபிறகு பிடிபட்டால் அந்த ஆள் மட்டுமில்லை, அவரோடு வந்த அத்தனை பேருக்கும் டிக்கெட்டுக்காகக் கட்டிவிட்ட கைப்பட்டையையும் வெட்டி வெளியே அனுப்பிவிடுவோம். யாராயிருந்தாலும் ஒரு தடவை வெளியே போனால் போனதுதான், அன்றைக்கு மறுபடி உள்ளே வர முடியாது. பட்டை வெட்டுகிற கத்திரிக்கோலும் என் மேஜையில்தான் இருக்கிறது.

போர்டைப் படித்துவிட்டு யாராவது திருந்தியிருக்கிறார்களா என்றால், எங்கே! இளநீரில் ஊசி போட்டு உள்ளே பிராந்தியை ஏற்றி, ஓட்டையை மெழுகு வைத்து அடைத்துக் கொண்டுவந்தார்கள். ஷாம்பு பாட்டிலில் வந்தது. தர்பூசணியில் வந்தது. ஒருத்தி கைக்குழந்தையின் பால் பாட்டிலில் புருஷனுக்கு வோட்காவை ஊற்றி வந்தாள், குழந்தை அதைப் பார்த்து வீறிட்டு அழுகிறது. அடேங்கப்பா, ஒரு குவார்ட்டருக்காக மனுஷனுக்கு எவ்வளவு மூளை வேலை செய்கிறது என்று எத்தனையோ நாள் வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன். கோபம் அதற்குப் பிறகுதான் வரும்.

ஒரு தடவை கம்பெனி பஸ் ஒன்று வந்தது. ஆயுதபூஜைக்கு மறுவாரம், குடும்பம் குட்டியோடு வந்திருந்தார்கள். ஒரே ஒரு ஆள் அலைக்குளத்தில் தள்ளாடி விழுந்து மாட்டிக்கொண்டான். பஸ் மொத்தமும் வெளியே. ஈரம் சொட்டச் சொட்ட வரிசையில் வந்து ஒவ்வொருவராகக் கையை நீட்ட, நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். "நீ நல்லா இருப்பியாடி" என்று ஒரு அம்மா குனிந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்.

நான் சொல்லவந்தது இதையெல்லாம் இல்லை. போன மே மாதம் பள்ளிப்பட்டுப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு வேன் வந்தது. அந்தக் குடும்பத்தைப் பற்றித்தான்.

லீவு நாள், கூட்டம் நெரிந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் மஞ்சள் துணிப்பை ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திவந்து என் மேஜைமேல் வைத்தாள். "அக்கா, பாத்து தொடு. சாமி பாட்டிலு" என்றாள்.

திறந்து பார்த்தால் பிராந்தி. மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டி, கூடவே ஒரு கொத்து வேப்பிலை. மூடி திறந்து கொஞ்சம்போல ஊற்றியிருந்தது, மற்றபடி முழு பாட்டில். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏம்மா, என்ன பாத்தா இன்னான்னு நெனச்ச? பொட்டு வெச்சா பிராந்தி தீர்த்தமாயிடுமா?"

"ஒளிச்சி எடுத்தாரலயேக்கா. உன் கையில தானே குடுக்குறேன்" என்றாள் அவள்.

அது நிஜம்தான். அத்தனை வருஷத்தில் யாரும் பாட்டிலைத் தானாக எடுத்து என் மேஜைமேல் வைத்ததில்லை. என்ன விஷயம் என்று கேட்டேன்.

புருஷன் கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஆலையில் ஒப்பந்த வேலை. உலைச் சூட்டில் நின்றுவிட்டு வந்து குடிக்கப் பழகி, பிறகு குடித்துவிட்டுத்தான் உலைக்கே போவது என்றாகிவிட்டது. அன்று காலையில்தான் எங்கள் பூங்கா பக்கம் இருக்கும் முனீஸ்வரன் கோயிலில் குடியை விடுவதாக வேண்டிக்கொண்டு இந்த பாட்டிலைப் படைத்திருக்கிறார்கள். பூசாரி சாமிக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மீதிக்குக் கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறார். அதைச் சொந்த ஊர் எல்லைக்குக் கொண்டுபோய், பொழுது சாய்வதற்குள் அவனே தன் கையால் மண்ணில் ஊற்றிவிட்டு வரவேண்டும். அதற்கு முன்னால் வேறு எங்கே கொட்டினாலும், யார் வாய் வைத்தாலும், கட்டு அவிழ்ந்துபோகும். பிள்ளைகளுக்கு லீவில் இங்கே கூட்டிவருவதாக எப்போதோ சொல்லியிருந்ததால், வேன்தான் பிடித்தாயிற்றே என்று கோயிலிலிருந்து நேரே வந்துவிட்டார்கள். முனீஸ்வரனைக் கையில் வைத்துக்கொண்டு சறுக்கு விளையாட வந்த குடும்பத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார். "கொட்டு, இல்லன்னா மொத்த வேனையும் திருப்பி அனுப்பு" என்றார். பிள்ளைகள் இரண்டும் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தன. நான் பையைத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். "இது உள்ள வரல சார். கம்பிக்கு வெளியே இருக்கிறது நம்ம கணக்கு இல்ல" என்றேன். அவருக்கும் பின்னால் நிற்கிற கூட்டம்தான் பெரிய பேஜாராக இருந்தது, போய்விட்டார்.

சரி, பாட்டிலை யார் வைத்துக்கொள்வது? அங்கேதான் வேடிக்கை. அதுவரை வாயே திறக்காத ஆண்களுக்கெல்லாம் பக்தி பொங்கிவிட்டது. "குடு, நா வண்டியில வெச்சி பாத்துக்குறேன்" என்று புருஷனின் அண்ணன் கையை நீட்டினான். வேன் டிரைவர், "எனக்கு முனீஸ்வரன்னா உசுரு" என்றான். மாமியார் சாமி பொருளைத் தொடமாட்டேன் என்று பின்வாங்கிவிட்டாள். புருஷன்காரன் மட்டும் பாட்டிலைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நா வெளிய இருக்கேன், நீங்கல்லாம் போங்க" என்றான்.

"நீ வேணாம்" என்றாள் அவள். அத்தனை பேர் முன்னால். அவன் தலை தொங்கிவிட்டது.

அவளே இருந்துவிட்டாள். பிள்ளைகளை மாமியார் கையில் பிடித்துக் கொடுத்து, புருஷனையும் உள்ளே அனுப்பிவிட்டு, தன் டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, என் மேஜைக்கு எதிரே இருக்கும் புங்க மரத்தடியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

எங்கள் அலைக்குளத்தில் அலை விடுவதற்கு முன்னால் சங்கு ஊதும். ஊதியதும் உள்ளே ஜனம் மொத்தமும் 'ஓ' என்று கத்தும். ஒவ்வொரு தடவை சங்கு ஊதும்போதும் அவள் எழுந்து நின்று எக்கிப் பார்த்தாள். மதில் உயரம், ஒன்றும் தெரியாது. கூட்டம் ஓய்ந்த நேரத்தில் நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அக்கா, அந்த அலை நெஜ கடலு மாதிரியே வருமா?"

"நீ கடலே பாத்ததில்லையா?"

"பழவேற்காடு போலாம்னு ரெண்டு வாட்டி கெளம்புனோம். ரெண்டு வாட்டியும் அவரு வழியிலியே வுழுந்துட்டாரு. அவர தூக்கிகினு ஊட்டுக்கு திரும்பிட்டோம்."

அவள் குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அலை பார்க்க ஆசைப்பட்டவள் வெளியே, குடிகாரன் உள்ளே. கட்டையில போறவனே என்று மனசுக்குள் வைதுகொண்டே மேஜைக்கு வந்தேன்.

உச்சிவெயில் சாய்ந்த பிறகு அவன் வெளிவாசலுக்கு வந்தான். தலை ஈரமில்லை, சட்டை ஈரமில்லை. உள்ளே தண்ணீரில் காலே வைக்கவில்லை போலிருக்கிறது. கையை நீட்டி, "பட்டய வெட்டுக்கா" என்றான்.

"வெட்டுனா திரும்ப உள்ள வர முடியாது."

"தெரியும்."

சரிதான், நாக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது, பாட்டிலுக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். "இவ்ளோ நேரம் தாங்குனதே பெருசுதான், இல்ல?" என்று கேட்டும்விட்டேன். அவன் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்ததால், பட்டையைப் பிடித்துக்கொண்டு பார்த்துத்தான் வெட்டவேண்டியிருந்தது.

நேரே அவளிடம் போனான். "நீ போ மே. அலைய பாத்துட்டு வா. நா இருக்கேன்" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். குடுத்துடாதடி என்று கத்தவேண்டும்போல இருந்தது. இந்த வாசலில் எத்தனை குடிகாரர்களைப் பார்த்திருக்கிறேன் நான்! முதல் நாள் விட்டவன் கையில் முழு பாட்டிலைக் கொடுத்துவிட்டு யாராவது போவார்களா? அதுவும் சத்தியம்கூட வாங்கவில்லை, பிள்ளைகள் தலையில் அடிக்கச் சொல்லவில்லை. பையை எடுத்து அவன் இரண்டு கையிலும் வைத்தாள். முந்தானையை அவிழ்த்து டிக்கெட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

பட்டை கட்டும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, நெஜமாவே அவன் கையில குடுத்துட்டியா?"

"எல்லை வரிக்கும் அவருதானேக்கா எடுத்துகினு போவணும்? நா எத்தினி நாளு அவரு கைய புட்சிகினு திரிவேன்?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய தைரியத்தை அத்தனை பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை, கண் முழுக்க அவன்மேல்தான். பையை மடியில் வைத்தான். கீழே வைத்தான். எழுந்து கொஞ்சதூரம் போனான், ஓடிவந்து மறுபடி எடுத்துக்கொண்டான். டிரைவர் வந்து ஒட்டி உட்கார்ந்து என்னவோ சொன்னான். இவன் தலையை ஆட்டினான். டிரைவர் தோளில் கைபோட்டு மறுபடி என்னவோ சொல்ல, இவன் உதறிக்கொண்டு எழுந்து நேரே என் தடுப்புக் கம்பிக்கு வந்துவிட்டான். நிழலே இல்லாத இடம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"இங்க நின்னுக்குறேன்கா. நீ கொஞ்சம் திட்டிகினே இரேன், நல்லா இருக்கும்."

கேட்டுவிட்டானே, விடுவேனா? அந்தப் பெண் பழவேற்காட்டு வழியில் அவனைச் சுமந்து திரும்பியதில் ஆரம்பித்து, எனக்குத் தெரிந்த குடிகாரர்கள் எல்லாருக்கும் சேர்த்து அவனைத் திட்டித் தீர்த்தேன். பை சோதித்துக்கொண்டே திட்டினேன், பட்டை கட்டிக்கொண்டே திட்டினேன். வரிசையில் நின்றவர்கள் என்னைத்தான் குடித்திருக்கிறேனோ என்று பார்த்தார்கள். அவன் வியர்வை வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

நடுங்கிக்கொண்டு நிற்கிற ஆளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வந்தார். "குடிச்சிட்டு வாசல்ல நிக்கிறான், தொரத்து" என்றார். நான் மெஷினை அவன் வாய்க்கு நீட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், முனீஸ்வரனை வேண்டிக்கொண்டேதான் நீட்டினேன். ஊதினான். சைபர். சூப்பர்வைசர் இன்னொரு தடவை ஊதச் சொன்னார். சைபர்தான்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். அவள் தலையிலிருந்து கால்வரை நனைந்து, கண் சிவந்து, பிள்ளைகளை விடப் பெரிய பிள்ளையாக வந்தாள். மெஷின் சைபர் காட்டியதை அவளிடம் சொல்லவேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு எழுந்துகூட நின்றேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே அவனிடம் போய், "யோவ், இவ்ளோ ஒசரம்யா அலை! என்ன அப்டியே தூக்கி கரையில போட்டுச்சி!" என்று கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள்.

அவன் பையைத் திறந்து பாட்டிலை உயர்த்திப் பிடித்தான். "பாரு மே, அப்டியே கீது."

"அத இன்னாத்துக்கு எனக்கு காட்டுற?" என்றாள். பாட்டில் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை, அவன் வாய்ப்பக்கம் மூக்கைக் கொண்டுபோகவில்லை. தலைமுடியை முறுக்கித் தண்ணீரைப் பிழிந்துகொண்டிருந்தாள். "பொழுது சாயறதுக்குள்ள எல்லைக்கு போய் சேரணும். ஏறு வண்டியில."

வேன் படியில் ஏறப்போனவன் நின்று, பையை அவளிடம் நீட்டினான்.

"உன் கையிலியே இருக்கட்டும்யா" என்றாள்.